குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரல் பிறகு வளருமா?

கேள்வி: என் மகள் 31-வது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். பிரசவத்துக்கு முன் எனக்கு இரண்டு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். பிறந்ததும் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் ஒரு மருந்து செலுத்தி, ஐந்து நாள் சி-பாப் கருவியில் வைத்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஆக்ஸிஜனும் எடுத்துவிட்டார்கள். ‘நுரையீரல் வளரவில்லை’ என்று அன்று சொன்னது இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. இப்போது மூன்று மாதம். தூங்கும்போது மூச்சையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். ஆயுள் முழுக்கப் பலவீனமாகவே இருப்பாளா?

பதில்: ‘வளரவில்லை’ என்ற ஒரு சொல் உங்களை இத்தனை நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. அந்தச் சொல்லே சரியில்லை. மூச்சுக்குழாயின் முக்கியக் கிளைகள் கருவின் 17-வது வாரத்துக்குள் பிரிந்து முடிந்துவிடும். அடுத்த பத்து வாரத்தில் அவற்றின் நுனியை ரத்தநாளங்கள் நெருங்கி, ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகும் அளவுக்குச் சுவர் மெலிந்துவிடும். உங்கள் மகளுக்கு இதெல்லாம் இருந்தது. முக்கியமாகப் போதாமல் இருந்தது சர்ஃபேக்டன்ட்.

கொழுப்பும் கொஞ்சம் புரதமும் சேர்ந்த மெல்லிய படலம் அது. நுரையீரலின் காற்றுப்பைகள் உள்ளே ஈரமானவை. அந்த ஈரத்தின் பரப்பு இழுவிசை பையைச் சுருக்கப் பார்க்கும். சர்ஃபேக்டன்ட்தான் அதைத் தணிக்கிறது. அது இல்லையென்றால் மூச்சை விடும்போதெல்லாம் பைகள் ஒட்டிக்கொள்ளும். புது பலூனை முதல் முறை ஊதும்போது கன்னம் வலிக்குமே, அந்த உழைப்பு ஒவ்வொரு மூச்சுக்கும் தேவைப்படும். 24-வது வாரம் வாக்கில் சர்ஃபேக்டன்ட் உருவாகத் தொடங்கினாலும், போதுமான அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும்.

உங்களுக்குப் போட்ட ஊசி, இந்த முதிர்ச்சியை விரைவுபடுத்தத்தான். பீட்டாமெத்தசோன் என்றால் 12 மில்லிகிராம் வீதம் 24 மணி இடைவெளியில் இரண்டு முறை போடுவார்கள். லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் நியூசிலாந்தில் நடத்திய ஆய்வு 1972-இல் வெளிவந்த பிறகு வந்த வழக்கம் இது. குழந்தைக்குச் செலுத்தியது சர்ஃபேக்டன்டேதான். சி-பாப், பைகள் மூடிவிடாதபடி காற்றழுத்தத்தால் தாங்கிப் பிடித்தது. அதற்குள் அவளே சுரக்கத் தொடங்கிவிட்டாள்.

இனிதான் முக்கியமான விஷயம். பத்து மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைக்கும் நுரையீரல் முழுமை பெற்றிருப்பதில்லை. பிறக்கும்போது சுமார் 5 கோடி காற்றுப்பைகள். பெரியவர்களுக்கோ 30 கோடிக்கும் மேல். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் அவை பெருகும். உங்கள் மகளுக்கும் அந்த ஆண்டுகள் முன்னால் இருக்கின்றன. கர்ப்ப வாரக் கணக்கைப் பிறந்த பிறகும் தொடர்ந்து எண்ணி, 36-வது வாரத்திலும் ஆக்ஸிஜன் தேவைப்படும் குழந்தைகளுக்குத்தான் நாள்பட்ட நுரையீரல் பாதிப்பு என்று பெயர் வைப்போம். அவள் 34-லேயே அதைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் சளி பிடித்தால் இழுப்பு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம்.

அதனால் வீட்டுக்குள் புகை கூடவே கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியே போய்ப் புகைத்துவிட்டு வருபவரின் சட்டையில் ஒட்டியிருப்பதும் புகைதான். சளி, இருமல் உள்ளவர்கள் தூக்க வேண்டாம். தடுப்பூசிகளைப் பிறந்த தேதிக் கணக்கில் போடுங்கள். குறைமாதம் என்று தள்ளிப்போடுவது தவறு. குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கான தடுப்பு மருந்து அவளுக்கு உண்டா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

தூக்கத்தில் 5, 10 விநாடி மூச்சு நின்று, பிறகு வேகமாக நாலைந்து மூச்சு வருவது இந்த வயதில் இயல்பு. 20 விநாடி நின்றாலோ, நிற்கும்போது நிறம் மாறினாலோ, துவண்டாலோ அவசர சிகிச்சை வேண்டும். சந்தேகம் வந்தால், அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 50-க்கு மேல் போனால் அன்றே காட்டுங்கள். விலா எலும்புக்கு இடையே சதை உள்ளிழுத்தல், மூக்கு விடைத்தல், முனகல், உதடோ நாக்கோ நீலமாதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள். இவை இல்லாத இரவுகளில் அவளை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு நீங்களும் தூங்குங்கள்.

ஐந்தாறு வயதில் ஓடும்போது இளைப்பு தெரிந்தால், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்யலாம். மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.