பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது ஒரு பிழைப்பா?

கேள்வி: பிளஸ் டூ எழுதியிருக்கும் என் மகன் எட்டு வயதிலிருந்து கர்நாடக வயலின் கற்கிறான். இன்ஜினீயரிங் வேண்டாம், வயலின்தான் வாழ்க்கை என்கிறான். விலை உயர்ந்த புது வயலின் வேறு கேட்கிறான். "ஆயுசுக்கும் இன்னொருத்தர் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று என் கணவர் கத்துகிறார். நான் யார் பக்கம் பேசுவது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகோதரி, பிழைப்பைப் பற்றி உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நானும் கொஞ்ச காலம் மேடையில் வாசித்தவள்தான். ஒருமுறை மத்தியானக் கச்சேரிக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். கவரில் இருந்த பணம் ஆட்டோவுக்குக்கூடக் கட்டவில்லை. நோட்டீஸில் பாடகியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது; எனக்கு 'வயலின்' என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

ஆனால் "பக்கத்தில் உட்கார்ந்து" என்று அவர் இளப்பமாகச் சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாடகர் பைரவி ராகத்தை எடுக்கிறார். ஒரு பிடி, அதாவது ராகத்தின் ஒரு சின்ன ஸ்வர வரிசை, எங்கே போய் நிற்கும் என்று வயலின்காரருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. என்ன பாட்டு என்பதே பல நேரம் மேடையில்தான் தெரியும். அரை மூச்சு பின்னால், குரலை மறைக்காமல், அதே பிடியை வில்லில் வாங்கிக்கொண்டே போக வேண்டும். பாடகர் பத்து நிமிஷம் ஆலாபனை செய்தால், அதாவது பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரித்துப் பாடினால், தன் முறை வரும்போது மூன்று நான்கு நிமிஷத்தில் ராகத்தைக் காட்டிவிட்டு நிறுத்த வேண்டும். கைதட்டல் வருகிறதே என்று நீட்டினால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட யோசிப்பார்கள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போட வேண்டும். காதும் அடக்கமும் சேர்ந்த வேலை இது.

வயலின் மேதை லால்குடி ஜெயராமனை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வயதில் பக்கவாத்தியம் வாசிக்க மேடை ஏறியவர். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று அவர் கூட வாசித்த பாடகர்கள் ஆளுக்கொரு போக்கு. ஒருவருக்கு வாசித்த பழக்கத்திலேயே அடுத்தவருக்கு வாசித்தால் எடுபடாது. 1966-ல் புல்லாங்குழல் ரமணியோடும் வீணை வெங்கடராமனோடும் அவர் வயலின்-வேணு-வீணைக் கச்சேரியைத் தொடங்கினார். வர்ணங்களும் தில்லானாக்களும் இயற்றினார். வயலின் பாடுகிறது என்று அவர் வாசிப்பைச் சொல்வார்களே, அந்தப் பாட்டில் பாதி, அத்தனை பாடகர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதிலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

சரி, சோற்றுக்கு வழி? பெரிய வயலின் வித்வான்களே மாதச் சம்பளத்தை உதறியவர்கள் இல்லை. துவாரம் வெங்கடசாமி நாயுடு விஜயநகரம் இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து முதல்வரானவர். டி.என். கிருஷ்ணன் சென்னை இசைக் கல்லூரியில் பேராசிரியர், முதல்வர். பிறகு டில்லிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதனால் ஒரு பட்டம் கையில் இருக்கட்டும். இசையிலேயே பி.ஏ. படிக்கலாம், பி.காம். ஆனாலும் சரி. தினம் நாலு மணி நேரம் சாதகத்துக்கு, அதாவது வாசித்துப் பழக, ஒழியும் படிப்பாக இருந்தால் போதும். வானொலி ஆடிஷனுக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள். வானொலி கலைஞர்களுக்குத் தரும் தர வரிசையில் 'பி' கிரேடில் ஆரம்பித்து மேலே போகலாம். பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு வாசிப்பதை மட்டமாக நினைக்க வேண்டாம், சபாவை விடப் பல நேரம் அங்கே சன்மானம் மேல். சினிமா ரெக்கார்டிங் பக்கம் ஆசை இருந்தால் மேற்கத்திய நோட்டேஷன் படிக்கத் தெரிந்தாக வேண்டும். அதை இப்போதே தொடங்கலாம். அப்புறம், முதுகு. சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது காலில் ஊன்றி மணிக்கணக்கில் குனிந்து உட்காருவது இருபது வயதில் தெரியாது, நாற்பதில் தெரியும். நிமிர்ந்து உட்காரப் பழக்குங்கள்.

அவனுக்கு இது ஒத்து வருமா என்று எப்படிப் பார்ப்பது? பரிசுக் கோப்பைகளை எண்ணாதீர்கள். அவனுக்குப் பழக்கமில்லாத வளரும் பாடகர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார். ஆறு மாதம் அவர் வீட்டுக்குப் போய்ச் சாதகத்தில் கூட வாசிக்கட்டும். வீடு திரும்பியதும் தான் வாசித்ததையே பேசுகிறானா, அவர் பாடிய ஒரு பிடியை முணுமுணுத்துக்கொண்டு வயலின் பெட்டியை மறுபடி திறக்கிறானா என்று கவனியுங்கள். இரண்டாவது நடந்தால் கணவரிடம் தைரியமாக மகன் பக்கம் பேசுங்கள். முதலாவது என்றால், திறமை இருந்தாலும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

புது வயலின் இப்போது வேண்டாம். நல்ல தந்திகள் மாற்றி, வில்லுக்குப் புது முடி போட்டுக் கொடுங்கள். பழைய வயலினே வேறு மாதிரிப் பேசும்.