பேனா பரிசும் வெற்றுத்தாளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நாற்பது பிள்ளைகள். பாடத்தை ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிக்கிறார்கள். "சொந்தமாக ஒரு கதை எழுதுங்கள்" என்றால் பாதிப் பேர் வெற்றுத்தாளைத் தருகிறார்கள். மீதிப் பேர் நோட்ஸில் இருப்பதை எழுதிவிடுகிறார்கள். நல்ல கதைக்குப் பேனா பரிசு என்று அறிவித்தேன். ஒவ்வொரு முறையும் அதே நான்கு பேர்தான் வாங்குகிறார்கள். இவர்களுக்கு ஆர்வத்தை எப்படி வரவழைப்பது? பிழைகளையெல்லாம் திருத்த வேண்டுமா?

ஓர் ஆங்கில ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

முதலில் பேனாவை நிறுத்துங்கள். அமெரிக்க உளவியலாளர் தெரசா அமாபிலே 1985-இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் வகுப்புக்கென்றே செய்ததுபோல இருக்கும். எழுத்தில் ஈடுபாடுள்ள இளைஞர்களைச் சிறு கவிதை எழுதச் சொன்னார். ஒரு பிரிவினரிடம் அதற்கு முன் பணம், பெயர், பாராட்டு போன்ற காரணங்களைத் தந்து வரிசைப்படுத்தச் சொன்னார். இன்னொரு பிரிவினருக்குத் தந்தவை எழுதுவதன் இன்பம் சார்ந்த காரணங்கள். முதல் பிரிவின் கவிதைகளில்தான் படைப்புத்திறன் குறைவு என்றார்கள் நடுவர்கள். பரிசை யாரும் தரவே இல்லை, சில நிமிடம் நினைக்க வைத்ததோடு சரி.

உங்கள் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. 'கதை எழுது' என்பது ஒரே நேரத்தில் நான்கு வேலை: என்ன சொல்வது, அதற்கு ஆங்கிலச் சொல் எது, வாக்கியத்தை எப்படி அமைப்பது, ஸ்பெல்லிங் என்ன. நான்கும் சேர்ந்து வந்து நின்றால் யாரும் தாளை மடித்துத்தான் வைப்பார்கள். ஆர்வம் வந்தபின் எழுத வைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றைச் சொந்தமாக எழுதி முடித்த பிறகுதான் அது வரும். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடந்தது பெங்களூர் திட்டம், இலக்கணப் பாடத்துக்குப் பதில் வேலைகள் தந்து ஆங்கிலம் கற்பித்த முயற்சி. அதை நடத்திய கல்வியாளர் என்.எஸ்.பிரபு ஓர் அளவுகோல் வைத்திருந்தார்: வகுப்பில் பாதிப் பேராவது கொடுத்த வேலையில் பாதியையாவது சரியாகச் செய்ய வேண்டும். உங்களுக்கு அது இருபது பேர். அதற்குக் கீழே போனால் பிள்ளைகளைத் திட்டாமல் வேலையைச் சிறிதாக்குங்கள்.

ஐந்து வரியில் ஆரம்பியுங்கள். முதல் வரியில் ஒரு பெயர்ச்சொல். இரண்டாவதில் அதை வர்ணிக்க இரண்டு சொல். மூன்றாவதில் 'இங்' என்று முடியும் மூன்று சொல். நான்காவதில் நான்கு சொல்லில் ஒரு தொடர். ஐந்தாவதில் ஒரே சொல்.

பஸ்
ஓல்ட், க்ரீன்
ரோரிங், லீனிங், ஸ்டாப்பிங்
நோ சீட் ஃபார் மீ
மண்டே

மொத்தம் பதினொரு சொல், இலக்கணத் தவறுக்கு அதிகம் இடமில்லை. கடைசி வரியில் முதல் சொல்லுக்கு இணையான சொல்லைப் போடுவதுதான் பாடப்புத்தக வழக்கம். அதைத் தளர்த்திவிடுங்கள். 'வெஹிக்கிள்' என்று முடித்தால் அது பயிற்சி. 'மண்டே' என்று ஒரு பிள்ளை முடித்தால் அது எழுத்து.

நாற்பது நிமிட வகுப்பில் முதல் பத்து நிமிடம் யாரும் எழுதக் கூடாது. பஸ் என்றதும் என்ன கேட்கிறது, என்ன நாறுகிறது, எது இடிக்கிறது என்று தமிழிலேயே கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல ஆங்கிலச் சொல்லைப் போர்டில் போடுங்கள், முப்பது வரை சேரட்டும். பிறகு பதினைந்து நிமிடம் எழுத, மீதி வாசிக்க. சொல் கிடைக்காவிட்டால் தமிழிலேயே எழுதி அடிக்கோடிட்டுவிட்டு மேலே போகட்டும்.

சறுக்கும் இடம் இரண்டாவது வரி. முதல் நாளில் பாதி நோட்டில் 'குட்', 'நைஸ்', 'பியூட்டிஃபுல்' இருக்கும். மூன்றையும் போர்டில் எழுதிக் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். நிறம், அளவு, ஓசை, வாசனை என்று தேட ஆரம்பிப்பார்கள். "இது எக்ஸாமில் வருமா டீச்சர்?" என்பார்கள். வரும் என்று தைரியமாகச் சொல்லலாம். பத்தாம் வகுப்பில் படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் கேள்விக்கு இதே கண்தான் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, நான்கு பேருக்கு ஒரு தாள் தந்து தொடர்கதை. ஆளுக்கு ஒரு வாக்கியம், இரண்டு நிமிடம், தாள் கை மாறும். இரண்டு சுற்றில் எட்டு வாக்கியம். நன்றாக எழுதும் பிள்ளையே முழுதும் எழுதிவிடுவது இதில் வழக்கமான சிக்கல். ஆளுக்கொரு நிறப் பேனா கொடுத்தால் தெரிந்துவிடும்.

திருத்தம் பற்றி. இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணத் திருத்தமே வீண் என்று ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-இல் எழுதினார். இன்னோர் ஆய்வாளர் டானா ஃபெரிஸ் அதை மறுத்தார். அந்தச் சண்டை ஓயவில்லை, நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். தொடர்கதைக்கு வந்ததும் வாரத்துக்கு ஒரே ஒரு பிழையைத் தேர்ந்தெடுங்கள். இறந்தகால வினை என்றால் அது மட்டும். 'ஹீ கோ' என்று இருந்தால் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், 'வென்ட்' என்று நீங்கள் எழுதாதீர்கள். அவனே கண்டுபிடிக்கட்டும். சிவப்பு மை வேண்டவே வேண்டாம். புள்ளி வைப்பதற்கு முன், எழுதியதைப் பற்றி ஒரு கேள்வி எழுதுங்கள்: "அப்புறம் அந்த நாய் எங்கே போச்சு?" எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நாற்பது நோட்டையும் வாராவாரம் பார்க்க முயன்றால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். வாரம் பத்து நோட்டு, நோட்டுக்கு நான்கு நிமிடம் போதும்.

அந்த நான்கு பேரை மற்றவர்களின் பிழை திருத்த மட்டும் விடாதீர்கள், மிச்சமுள்ள தைரியமும் போய்விடும். அவர்களுக்கு நிபந்தனையைக் கடினமாக்குங்கள்: அதே பஸ்ஸைக் கண்டக்டர் சொல்வதாக எழுத வேண்டும், 'பஸ்' என்ற சொல் வரக் கூடாது.