அம்மா செத்தால்தான் சித்தி நல்லவளா?

கேள்வி: இரண்டாம் தாரமாக வந்து, அவருடைய இரண்டு பிள்ளைகளையும் வளர்க்கிறேன். சினிமாவில் சித்தி என்றாலே கொடுமைக்காரிதானா? இப்போதைய படங்களாவது மாறியிருக்கின்றனவா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: 1966-லேயே கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'சித்தி'யில் பத்மினி மொத்த அனுதாபத்தையும் அள்ளிக்கொண்டு போனாரே! ஆனால் 1987-இல் பாக்யராஜின் 'எங்க சின்ன ராசா'வில் சொத்துக்காக மூத்த தாரத்துப் பிள்ளையை ஆட்டிவைக்கும் சித்தி வந்தாள், அதே கதை 1992-இல் 'பேட்டா' என்று இந்திக்கும் போய் சக்கைப்போடு போட்டது. கொடுமைக்காரிக்குத்தான் மார்க்கெட், என்ன செய்ய.

அப்புறம் நல்ல இரண்டாவது அப்பாக்கள் வந்தார்கள். 'என்னை அறிந்தால்' (2015) படத்தில் திரிஷாவின் மகளை அஜித் தன் மகளாகவே வளர்ப்பார், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கல்யாணம் நடப்பதற்கு முன்பே திரிஷாவைக் கொன்றுவிடுகிறார்களே, அதைக் கவனித்தீர்களா? அம்மா இல்லை என்றால் 'அங்கிள்' என்று கூப்பிடுவதா 'அப்பா' என்பதா, அடிக்கிற உரிமை யாருக்கு, பள்ளிக்கூடத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்கிற தலைவலி எதையும் எழுத வேண்டியதில்லை. ஹாலிவுட்டும் யோக்கியம் இல்லை. 'ஸ்டெப்மாம்' (1998) படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் சித்தியாக ஒப்புக்கொள்ளப்படுவதற்கு, பெற்ற தாய் சூசன் சரண்டனுக்குப் புற்றுநோய் வர வேண்டியிருந்தது.

நீங்கள் பார்க்க வேண்டியது ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பாய்ஹுட்' (2014). 12 வருடம் அதே நடிகர்களை வைத்து விட்டுவிட்டு எடுத்த படம். அதில் அம்மாவின் இரண்டாவது புருஷன் குடிகாரன், அடிக்கிறவன். அது பழைய கதைதான். ஆனால் அவனை விட்டு அம்மா தன் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது, அவனுடைய பிள்ளைகள் இரண்டும் அந்த வீட்டிலேயே நின்றுவிடுகின்றன. அத்தனை நாள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக அடி வாங்கிய பிள்ளைகள்! அவர்கள் கதி என்ன என்று மகள் கேட்டால், சட்டப்படி எனக்கு அவர்கள் மேல் உரிமை இல்லை என்பதுதான் அம்மாவால் சொல்ல முடிந்த பதில். அதற்குப் பிறகு படம் அந்த இரண்டு பேரையும் காட்டுவதே இல்லை. நிஜத்திலும் அப்படித்தானே நடக்கிறது?

கேள்வி: சிரிக்கிற மாதிரி ஒரு படம்கூடவா இல்லை?
– அதே வாசகி

பதில்: 'ஆன்ட்-மேன்' (2015) பாருங்கள், சூப்பர் ஹீரோ படம்தான். ஜெயிலுக்குப் போய் வந்த அப்பாவும், அம்மா கட்டிக்கொள்ளப் போகிற போலீஸ்காரரும் முறைத்துக்கொண்டே திரிந்து, கடைசியில் அந்தக் குட்டிப் பெண்ணுக்காக ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யாரும் சாக வேண்டியதில்லை. நம்மூரில் இந்தக் கதையைக் கொண்டு போனால் தயாரிப்பாளர், "சரி, அம்மா எந்த ரீலில் சாகிறாங்க?" என்று கேட்பார்.