கறுப்பு முயல் ஜோடிக்கு வெள்ளைக் குட்டி பிறப்பது எப்படி?

முயல் வளர்க்கத் தொடங்கிய பலர் கேட்கும் கேள்வி இது. கிடாவை, அதாவது ஆண் முயலைச் சந்தேகப்பட வேண்டாம்.

ஒவ்வொரு நிறப் பண்புக்கும் குட்டி தாயிடம் ஒரு மரபணு, தந்தையிடம் ஒரு மரபணு வாங்குகிறது. ஒன்று மற்றதை மறைத்துவிட்டால், மறைந்ததற்கு ஒடுங்கு மரபணு என்று பெயர். வெளியே தெரியாது, ஆனால் அழிவதில்லை.

செங்கண் வெள்ளை அப்படிப்பட்டது. மெலனின் என்ற நிறமியை உண்டாக்கும் நொதி வேலை செய்யாததால் வரும் வெண்மை அது. அச்சகத்தில் மை தீர்ந்துபோனால் எந்த எழுத்தைக் கோத்தாலும் தாள் வெறுமையாகத்தானே வரும்? வெள்ளை முயலுக்குள்ளும் கறுப்புக்கோ பழுப்புக்கோ உரிய மரபணு இருக்கும், மைதான் இல்லை. கண்ணிலும் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் சிவப்பாகத் தெரிகிறது. நம் பண்ணைகளில் இருக்கும் நியூசிலாந்து வெள்ளை இந்த வகைதான்.

கறுப்புப் பெற்றோர் இருவரிடமும் இந்தச் செங்கண் வெள்ளை மரபணு ஒளிந்திருந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் வெள்ளையாக 25 சதவீத வாய்ப்பு. முடி முளைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஈன்ற அன்றே பெட்டியில் பாருங்கள்: கறுப்பாகப் போகும் குட்டியின் தோல் கருத்திருக்கும், வெள்ளைக் குட்டி இளஞ்சிவப்பாகக் கிடக்கும்.

எட்டுக் குட்டி போட்டால் இரண்டு வெள்ளை நிச்சயம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள், அது தவறு. ஒவ்வொரு குட்டிக்கும் சீட்டு தனியாகக் குலுக்கப்படுவதால் ஒன்றுகூட வராமலும் போகலாம், நாலும் வரலாம்.