"அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கே, பைக் திருடு போனா பணம் வந்துடாதா?"

கேள்வி: வணக்கம் சார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. இரண்டரை வருடத்துக்கு முன்பு பைக் வாங்கினேன். ஷோரூம் விலை 1,10,000 ரூபாய். மாதம் 3,800 ரூபாய் டியூ, இன்னும் ஆறு டியூ பாக்கி. போன மாதம் எங்கள் தெருவில் வேறொருவர் சைடு லாக் போட்டு நிறுத்தியிருந்த வண்டியையே ராத்திரியில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மாமாவிடம் வாங்கிய பழைய கார் ஒன்றும் இருக்கிறது, இன்னும் பெயர் மாற்றவில்லை. சில்வர் பீச்சில் அதை நிறுத்தியிருந்தபோது கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துவிட்டார்கள். திருட்டுக்குப் பாதுகாப்பாக 8,000 ரூபாய் வரை செலவு செய்யலாம் என்றிருக்கிறேன். நண்பர் ஜிபிஎஸ் மாட்டச் சொல்கிறார். பைக்குக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் இருப்பதால் அந்தச் செலவு இல்லை. என்ன வாங்கலாம்?

பதில்: ஜிபிஎஸ் கிடக்கட்டும். "ஐந்து வருட இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. முதலில் அந்தப் பாலிசிக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் காப்பீடு முடியும் தேதிகள் இரண்டு இருக்கும்.

2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். உங்கள் வண்டி யார் மீதாவது மோதினால் அவர்களுக்குத் தரும் இழப்பீடு அது. வண்டி திருடு போனால் அதிலிருந்து ஒரு பைசா வராது. திருட்டுக்குப் பணம் தருவது ஓன் டேமேஜ் என்கிற பகுதி. ஷோரூமில் பெரும்பாலும் அதை ஒரே ஒரு வருடத்துக்குத்தான் போட்டுக் கொடுப்பார்கள். உங்களுடையதும் அப்படி என்றால், ஒன்றரை வருடமாகத் திருட்டுக் காப்பீடே இல்லாமல் தினமும் முள்ளோடை எல்லையைத் தாண்டிப் போய்வருகிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, விற்கிறவர் "அஞ்சு வருஷம் கவலையே இல்ல சார்" என்றுதானே சொல்லி அனுப்புகிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு முதல் மூன்று வருடமான வண்டிக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அப்படியானால் உங்கள் பைக்கின் ஐடிவி, அதாவது காப்பீட்டு மதிப்பு, சுமார் 77,000 ரூபாய். ஓன் டேமேஜ் இருந்து வண்டி காணாமல் போனால், பாக்கிக் கடன் சுமார் 22,800 ரூபாய் முதலில் கடன் கொடுத்தவருக்குப் போகும். மிச்சம் 54,000 சொச்சம் உங்கள் கைக்கு வரும். இல்லாவிட்டால் வண்டியும் போய், ஆறு டியூவும் கட்ட வேண்டும். திருடு போனதற்காக டியூ நிற்காது. கிளெய்ம் முடியும் வரையிலும் தவறாமல் கட்டுங்கள், இல்லையேல் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும்.

ஆகவே 8,000 ரூபாயில் முதல் செலவு தனி ஓன் டேமேஜ் பாலிசி. தேர்டு பார்ட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதை மட்டும் தனியாக வாங்கலாம். உங்கள் வண்டிக்கு ஆயிரத்து சொச்சம் ஆகலாம். இடையில் விட்டுப்போனதால் வண்டியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வார்கள், அவ்வளவுதான். பிரீமியத்தைக் குறைப்பதற்காக ஐடிவியைக் குறைத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பூட்டு. சைடு லாக் சின்ன இரும்புத் துண்டுதான், பலமாகத் திருப்பினால் உடைந்துவிடும். பிரேக் டிஸ்க்கில் மாட்டும் டிஸ்க் லாக் ஒன்றும் நல்ல தடிமனான செயின் ஒன்றும் வாங்குங்கள். செயினைச் சக்கரத்தோடு மட்டும் சுற்றினால் போதாது, வீட்டுக் கம்பியிலோ தூணிலோ சேர்த்துப் பூட்ட வேண்டும். இரண்டும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் அடங்கும். ஜிபிஎஸ் மூன்றாவதுதான். அது திருட்டைத் தடுக்காது, போன வண்டியைத் தேட உதவும். சிம்முக்கு வருடாவருடம் பணமும் கட்ட வேண்டும். மிச்சம் இருந்தால் மாட்டுங்கள்.

சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளெய்ம் கேட்கும்போது இரண்டு அசல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று இல்லை என்றால் 'வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா?' என்று குடைவார்கள். ஸ்பேர் சாவியைப் பீரோவில் வையுங்கள். ஏற்கெனவே தொலைத்திருந்தால், இப்போதே போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, புதுச் சாவி செய்த பில்லையும் சேர்த்து வையுங்கள்.

நீங்கள் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இடையில் தினமும் போய்வருகிறவர். புதுச்சேரி சண்டே மார்க்கெட் பக்கம் வண்டி காணாமல் போய், நீங்கள் கடலூரில் வந்து புகார் கொடுத்தால் "அங்கே போங்க" என்று அனுப்பப் பார்ப்பார்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, எந்த ஸ்டேஷனிலும் எல்லை பார்க்காமல் புகாரைப் பதிந்து, அதாவது ஜீரோ எஃப்ஐஆர் போட்டு, திருடு போன இடத்து ஸ்டேஷனுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஆனாலும் திருடு போன இடத்து ஸ்டேஷனுக்கே அன்றே போய்விடுவது நல்லது. பிற்பாடு 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றையும் போலீசிடம்தானே வாங்க வேண்டும்! இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே போன் செய்யுங்கள். கடலூர் ஆர்டிஓவுக்கும் எழுதிக் கொடுங்கள். கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி, எஃப்ஐஆர் உடனே போட்ட நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. அதற்காகச் சோம்பல் படாதீர்கள். அப்படியும் மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்; தமிழ்நாடும் புதுச்சேரியும் அவர் எல்லைதான்.

சரி, கார். மாமா பெயரில் இருக்கும் காருக்கு நீங்கள் கிளெய்ம் கேட்க முடியாது. விற்றுவிட்ட மாமா கேட்டாலும் சிக்கல்தான். ஆர்சியையும் இன்சூரன்ஸையும் இந்த மாதமே மாற்றுங்கள். ஓன் டேமேஜை மாற்ற, வாங்கிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

பெயர் மாற்றிய பிறகும், இப்படிக் கண்ணாடி உடைந்து செலவு சில ஆயிரம்தான் என்றால் கிளெய்ம் போகாதீர்கள். நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு குறைந்தது 1,000 ரூபாய் போக, கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். பையில் இருந்தவற்றுக்குச் சாதாரண கார் பாலிசியில் பணம் கிடையாது. நானே ஒரு கல்யாண மண்டப வாசலில் பின் சீட்டில் லேப்டாப்பை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பாயசம் வருவதற்குள் கண்ணாடி போயிற்று, லேப்டாப்பும் போயிற்று. அப்புறமிருந்து பை என்னோடு பந்திக்கே வருகிறது. பையை டிக்கியில் வைப்பதாக இருந்தாலும் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். பீச்சுக்கு வந்து, நாலு பேர் பார்க்க டிக்கியைத் திறந்து வைக்காதீர்கள்.