தலைமாட்டு விளக்கு

கேள்வி: எனக்கு வயது 36. எட்டு வயதில் தாத்தா இறந்தபோது, வாய்க்கரிசி போடுவதற்காக என்னைத் தூக்கி அவர் முகத்தருகே குனிய வைத்தார்கள். தலையைச் சுற்றிய துணிக்கட்டும், மூக்கில் வைத்த பஞ்சும், பாதி திறந்திருந்த கண்களும் இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. துஷ்டி கேட்கப் போனால் வாசலோடு திரும்பிவிடுகிறேன். இப்போது என் மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அந்த நேரத்தில் நான் ஒதுங்கி நின்றால், நெஞ்சில் ஈரமில்லாதவள் என்றுதானே உறவுகள் சொல்வார்கள்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஒரு குழந்தையிடம் எதையும் விளக்காமல் அந்த முகத்துக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தியது பெரியவர்களின் பிழை. ஈரமில்லாதவராக இருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

அன்று யாரும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உயிர் பிரிந்ததும் தசைகள் தளர்ந்துவிடுவதால் தாடை தொங்கி வாய் திறந்துகொள்கிறது; இமைகளும் பல வேளைகளில் முழுதாக மூடுவதில்லை. சில மணி நேரத்தில் இமையிலும் தாடையிலும் தொடங்கி உடல் விறைத்துவிடும் என்பதால்தான், அதற்கு முன்பே தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் நாடிக்கட்டுக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்துவிடுகிறார்கள். மூக்கில் பஞ்சு வைப்பது நீர் கசியாமல் இருப்பதற்காக. உடலைப் புரட்டும்போது சில சமயம் முனகல் போலக் கேட்பதும், நுரையீரலில் தங்கிய காற்று வெளியேறும் சத்தம்தான். நீங்கள் கண்டு மிரண்ட துணிக்கட்டு, ஊரார் வந்து பார்க்கும்போது தாத்தாவின் வாய் திறந்து கிடக்கக் கூடாதே என்று யாரோ அக்கறையோடு கட்டியது.

என் தாயாருக்கு நாடிக்கட்டுக் கட்டியவள் நான். துணியைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் வெகுநேரம் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். குதிகால் வெடிப்பில் முதல்நாள் நான் தடவிய மஞ்சள் அப்படியே ஒட்டியிருந்தது. அதைத் தொட்ட பிறகுதான், கிடப்பது அம்மா என்று என் கைக்குத் தெரிந்தது, நடுக்கமும் நின்றது.

ஆகவே முகத்திலிருந்து தொடங்காதீர்கள். தலைமாட்டு விளக்கு அணையாமல் எண்ணெய் ஊற்றித் திரி தூண்டும் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்தால் முகம் நேருக்கு நேர் தெரியாது. கைக்கும் வேலை இருக்கும். வாய்க்கரிசியின்போது பக்கத்தில் நிற்கும்படி கணவரிடமோ நாத்தனாரிடமோ முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மற்ற துக்க வீடுகளில் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லும் வழக்கமே இல்லையாதலால், மூச்சு முட்டினால் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். தாத்தாவின் முகம் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வருமானால், அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மனஸின் உதவி எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இன்னொன்று, இன்றே செய்யக்கூடியது. மாமனார் சம்மதித்தால், அவர் காலுக்கு எண்ணெய் தடவி விடுங்கள்; நகம் வெட்டி விடுங்கள். அந்தக் காலை உங்கள் கை இப்போதே அறிந்துகொள்ளட்டும்.