தட்டைத் தேய்ப்பது யார்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் பெற்றோருடன் வசிக்கிறேன். 26 வயதுப் பெண். புதுச்சேரியில் வேலை. ஓராண்டாகப் பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. அம்மா செய்யும் எல்லாவற்றிலும் நெய்யோ தயிரோ இருக்கிறது. அதனால் இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்பி, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, காய்களில் மசாலா தூவி ஓ.டி.ஜி. என்னும் சிறிய மின்னடுப்பில் சுட்டு, என் அறையில் வைத்துச் சாப்பிடுகிறேன். காய்கள் மொறுமொறுவென்று வராமல் துவண்டு போகின்றன. மசாலா மட்டும் தட்டில் கருகி ஒட்டிக்கொள்கிறது; காலையில் அதைத் தேய்க்கும்போதெல்லாம் அம்மா முணுமுணுக்கிறார். காய் சரியாக வர என்ன செய்ய வேண்டும்? வள்ளலார் வாழ்ந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, உயிர்களிடம் காட்ட வேண்டிய கருணையை என் வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் உரிய விடை, நீங்கள் பொருட்படுத்தாமல் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் இருக்கிறது. சுட்டது நீங்கள், சாப்பிட்டது நீங்கள், தேய்ப்பது அம்மா. ‘தேய்க்கும்போதெல்லாம்’ என்று எழுதியிருப்பதால் இது என்றோ ஒரு நாள் நடந்தது அன்று, வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது என்று தெரிகிறது. உணவு முறையை மாற்றிக்கொண்டவர்களிடமிருந்து எனக்கு ஓயாமல் கடிதங்கள் வருகின்றன. ஒருவர் சிறுதானியம் என்பார், ஒருவர் பச்சைக்காய்கறி என்பார், ஒருவர் அரிசியை விட்டேன் என்பார். கொள்கை கடிதத்துக்குக் கடிதம் மாறுகிறது, பாத்திரம் கழுவுபவர் மட்டும் மாறுவதே இல்லை.

கன்றுக்கு உரிய பாலை நாம் எடுத்துக்கொள்வது தவறு என்ற உங்கள் முடிவை நான் மதிக்கிறேன். நனிசைவம் என்று தமிழில் அதற்கு ஒரு நல்ல பெயரும் வந்துவிட்டது. ஆனால் விடியற்காலையில், அடுப்பை மூட்டுவதற்கும் முன்பாக, குழாயடியில் குனிந்து நின்று, தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாத உணவின் கரியைக் கம்பி நாரால் சுரண்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் முதுகும் விரல்களும் உங்கள் கருணைக் கணக்கில் ஏன் சேரவில்லை? அவர் முணுமுணுப்பது உங்கள் கொள்கையைப் பற்றித்தான் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் முணுமுணுப்போடு நிறுத்தியிருக்க மாட்டேன். சம்பாதிக்கும் வயதில் இருக்கும் பிள்ளை, தான் தனியாக உண்ட பாத்திரத்தைத் தானே கழுவி வைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மகன் எழுதியிருந்தால் இதையே இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன்.

ஒரே ஒரு முறை நீங்களே அந்தத் தட்டைத் தேய்த்திருந்தால், காய் ஏன் துவள்கிறது என்று என்னைக் கேட்டிருக்க வேண்டிய தேவையே இருந்திராது. கரி எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். காய் இருந்த இடத்தில் பிசுபிசுவென்று ஈரமும், காய்க்கு வெளியே ஓரங்களில் கரியும் இருக்கும். அரைக் கிலோ காயை ஒரு சிறிய தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தால், உள்ளிருந்து வெளியேறும் நீர் போக வழியின்றி அங்கேயே ஆவியாகிச் சுற்றிக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை காயின் சூடு நீரின் கொதிநிலையான 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வருவதற்கோ ஏறத்தாழ 140 டிகிரியாவது வேண்டும். ஆக, நீங்கள் சுடவில்லை. இட்லியைப் போல ஆவியில் அவித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே நேரத்தில் காயின்மேல் தூவிய மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பிடித்துக்கொள்ள எண்ணெய் இல்லாமல் தட்டில் உதிர்ந்து, சூடான தகரத்தில் கிடந்து கருகுகின்றன. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் போடுகிறவராக இருந்தால், அதன் இனிப்புச் சாறு வழிந்து பாகுபோல் இறுகி அந்தக் கரியை ஒட்டவைத்துவிடும். உங்கள் அம்மா கம்பி நாரைப் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் தட்டின் பூச்சு போய்விடுவதால், அடுத்த முறை இன்னும் அழுத்தமாக ஒட்டும்.

திருத்துவது எளிது. காய்களைக் கழுவியதும் துணியில் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் பரப்பிவிடுங்கள். காலிஃப்ளவரைப் பூப்பூவாகவும், அதைவிட மெதுவாக வேகும் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் சிறிய துண்டுகளாகவும் நறுக்கிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ காய்க்கு இரண்டு மேசைக்கரண்டிக் கடலை எண்ணெய் போதும். அந்த எண்ணெயில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், பொடித்த சோம்பு ஆகியவற்றை முதலில் குழைத்து, பிறகு காய்களைப் போட்டுக் கையால் பிசறுங்கள். பொடி எண்ணெயோடு காயைப் பற்றிக்கொள்ளும், தட்டில் உதிராது. உப்பை அடுப்பில் வைப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும், முன்கூட்டியே போட்டால் காய் நீர் விட்டுவிடும். அடுப்பை 200 டிகிரியில் பத்து நிமிடம் காயவிட்டு, துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி விட்டுப் பரப்பி வையுங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகச் சுடுங்கள். பாதி நேரத்தில் ஒரு முறை புரட்டிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் ஓரங்கள் சிவந்துவிடும். நசுக்கிய பூண்டு போட விரும்பினால் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள், எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள். தட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு நீங்கள் சாப்பிடப் போகலாம். திரும்பி வரும்போது சாதாரண நாரிலேயே போய்விடும்.

‘அம்மா செய்யும் எல்லாவற்றிலும் நெய்யோ தயிரோ’ என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. கடலூரில் எந்த வீட்டில் கொத்தவரங்காய்ப் பொரியலுக்கு நெய் ஊற்றுகிறார்கள்? வாழைக்காய் வறுவல், சேனை வறுவல், எண்ணெய்க் கத்தரிக்காய், புளிக்குழம்பு, மிளகு ரசம் என்று பாதிச் சமையல் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும்தான் நடக்கிறது. பருப்பின்மேல் விடும் நெய்யையும் ரசத்துக்கு நெய்யில் தாளிப்பதையும், ‘எனக்கு மட்டும் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள் அம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்த்துவிடலாம். அந்த ஒரு வார்த்தையை இந்த ஓராண்டில் நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்வதற்குப் பதிலாக, வீடு சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, தனியாகச் சுட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறீர்கள். தன் சமையல் வேண்டாம் என்று மகள் ஒவ்வொரு இரவும் அறிவிப்பதாகத்தான் அந்தத் தாய்க்குப் படும். ஒரே வீட்டில் இரண்டு பந்தி நடப்பது எனக்குப் பிடிக்காது. பழைய காலத்தில் சாதியின் பெயரால் நடந்தது, இப்போது கொள்கையின் பெயரால் நடக்கிறது.

வள்ளலாரை அழைத்திருக்கிறீர்கள். அவர் 1867ஆம் ஆண்டு வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த அடுப்பு பசித்து வருகிறவர்களுக்காக மூட்டப்பட்டது. அவரைச் சாட்சிக்கு அழைக்கிற நீங்கள் ஓராண்டாக மூட்டும் அடுப்பில் இதுவரை உங்கள் தந்தைக்கு ஒரு துண்டு உருளைக்கிழங்காவது வெந்திருக்கிறதா? அவர் தயிர்ச்சோற்றை விடப்போவதில்லை. விடச் சொல்லி அவரிடம் வாதாடுவதும் உங்கள் வேலை அன்று. தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மொறுமொறுப்பாக ஒரு காய் கிடைத்தால் எந்தத் தகப்பனும் மறுக்க மாட்டார்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வீட்டில் எல்லோரும் சாப்பிடும் அளவுக்குச் சுடுங்கள். பண்ருட்டிப் பலாப்பழம் வரும் பருவமாக இருந்தால் பலாக்கொட்டையை விடாதீர்கள்: உப்புப் போட்டு வேகவைத்து, வெள்ளைத் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, மேலே சொன்ன மசாலாவில் பிசறிச் சுட்டால், வெளியே முறுகலாகவும் உள்ளே மாவாகவும் இருக்கும். கொட்டை முன்பே வெந்திருப்பதால் இருபது நிமிடம் போதும். அன்று சேனைக்கிழங்கும் வாங்கினால் நீங்களாக நறுக்க வேண்டாம். எவ்வளவு புளித்தண்ணீரில் எத்தனை நேரம் போட்டால் நாக்கு அரிக்காது, மசாலா கிழங்கில் எப்படிப் பிடிக்கும் என்பதெல்லாம் உங்கள் அம்மா எத்தனையோ ஆண்டுகளாகத் தோசைக்கல்லில் செய்துவருவது. அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். காயை அறைக்கு எடுத்துப் போகாமல் சாப்பாட்டு இடத்தில் வைத்து, முதலில் அவருக்குப் பரிமாறுங்கள். உப்பு குறைவு, காரம் கூடுதல் என்று ஏதாவது சொல்வார். பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சு போன அந்தத் தட்டுக்குப் பதிலாக அடுத்த மாதச் சம்பளத்தில் புதிது ஒன்று வாங்குங்கள். அதுவரை பழையதில் வாழை இலையை விரித்துச் சுடலாமா என்று கேட்காதீர்கள், இலை கருகி அதையும் உங்கள் அம்மாதான் சுரண்டுவார்.